ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் டாக்டரும் காப்பீட்டுப் பணமும்

மாமல்லபுரத்தில் காய்ச்சலுக்கு மருந்து எழுதும் டாக்டரின் பெயர் தெருவுக்கே தெரியும். அவர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனையை யார் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்டால் லேபின் பெயர்தான் பதிலாக வரும். ரத்தம் எடுத்த பெண்ணும் பணம் கட்டிய கவுன்டரும் ஞாபகத்தில் இருக்கும். ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு டாக்டரின் பெயரும் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

மேற்கொண்டு நடக்கும் வைத்தியம் அந்தப் பெயரை நம்பித்தான் நடக்கிறது. காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுப்பதும் மறுப்பதும்கூடப் பல நேரங்களில் அவர் எழுதிய ஒரு வரியைப் பொறுத்தே இருக்கிறது. எனவே செங்கல்பட்டிலோ கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர்களிலோ பெரிய பரிசோதனை எதற்கும் பணம் கட்டுமுன் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர் யார்?

எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், பயிற்சி மருத்துவராக ஒரு வருடம், அதற்குமேல் எம்.டி. பாத்தாலஜி மூன்று வருடம். இதுதான் ஒரு பாத்தாலஜிஸ்டின் படிப்பு. டி.என்.பி. பாத்தாலஜி என்றிருந்தாலும் சமமான தகுதியே. டி.சி.பி. என்பது இரண்டு வருட டிப்ளமா. பழைய தலைமுறை லேப் டாக்டர்களில் நிறையப் பேர் டி.சி.பி. முடித்தவர்கள். ஆயிரக்கணக்கான ஸ்லைடு பார்த்த கண் அவர்களுடையது, குறைவாக நினைக்க வேண்டாம். எம்.டி. பயோகெமிஸ்ட்ரி படித்தவர் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு போன்றவற்றுக்கும், எம்.டி. மைக்ரோபயாலஜி படித்தவர் கல்ச்சர், கிருமிப் பரிசோதனைகளுக்கும் உரியவர்கள். சதையை வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்சிக்குப் பாத்தாலஜிஸ்டேதான் வேண்டும்.

டி.எம்.எல்.டி. படித்த டெக்னீஷியன்கள் இல்லாமல் எந்த லேபும் ஒரு நாள்கூட ஓடாது. இயந்திரத்தை ஓட்டுவதும் நரம்பு கிடைக்காத கையில் ஊசி போடுவதும் அவர்கள்தான். ஆனால் எண்ணுக்குப் பொருள் சொல்வதும் ‘இது இன்ன நோய்’ என்று எழுதுவதும் அவர்கள் வேலை இல்லை. ரிப்போர்ட்டில் யார் கையெழுத்திடலாம் என்ற வழக்கு குஜராத்திலிருந்து உச்ச நீதிமன்றம்வரை போனது. லேப் ரிப்போர்ட்டில் மேலொப்பமிட வேண்டியவர் பாத்தாலஜியில் முதுநிலைத் தகுதி பெற்ற, பதிவு செய்த மருத்துவர் என்ற நிலைப்பாட்டை 2017 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் ஏற்றது. 2020 பிப்ரவரியில் மத்திய அரசு விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. குறிப்பிட்ட துறைகளில் எம்.எஸ்சி., பிஎச்.டி. படித்தவர்கள் கருத்து எதுவும் எழுதாமல் அளவுகளை மட்டும் கையெழுத்திட்டுத் தரலாம் என்றது. அது 2010-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களுக்கான விதி. தமிழ்நாட்டில் நடப்பது நம்முடைய 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2018-இல் வந்த அதன் விதிகளும். லேபும் அதன்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைச் சுவரில் தேடுங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் எங்காவது மாட்டியிருப்பார்கள்.

டாக்டரைச் சரிபார்ப்பது சுலபம். ஒவ்வொரு மருத்துவருக்கும் மாநில கவுன்சில் தந்த பதிவு எண் உண்டு. அதைத் தன் மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் ரசீதிலும் காட்ட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டிலோ போட்டுப் பாருங்கள். பெயர் வந்தால் மட்டும் போதாது. எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு படித்த பட்டமும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் எம்.டி. என்று அச்சடித்திருந்து பதிவேட்டில் வெறும் எம்.பி.பி.எஸ். மட்டும் இருந்தால் லேபில் கேளுங்கள். சில நேரம் மேற்படிப்பைப் பதிய டாக்டரே மறந்திருப்பார். சில நேரம் கதை வேறு.

எண்ணைப் பார்ப்பதைவிட நேரடியான கேள்வி ஒன்று இருக்கிறது: “பாத்தாலஜிஸ்ட் டாக்டர் எத்தனை மணிக்கு வருவாங்க?” கையெழுத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்து, டாக்டர் வந்தாலும் வராவிட்டாலும் தானாக அச்சாகும்படி செய்துகொள்வது இந்தத் தொழிலின் பழைய வியாதி. “காலையில பத்து மணிக்கு வருவாங்க, சார்” என்று சட்டென்று பதில் வரும் லேபும் உண்டு, “எதுக்கு சார் கேக்கறீங்க?” என்று திருப்பிக் கேட்கும் லேபும் உண்டு. இரண்டாவது வகையில் சர்க்கரை பார்க்கலாம், பயாப்சி கொடுக்க வேண்டாம்.

பாத்தாலஜிஸ்டை நேரில் பார்க்கும் வாய்ப்பு நோயாளிக்கு ஓரிரு முறைதான் வரும். கழுத்திலோ மார்பிலோ கட்டி என்றால் எஃப்.என்.ஏ.சி. என்று எழுதுவார்கள். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டுச் செல்களை உறிஞ்சி எடுப்பது. அதைப் பெரும்பாலும் பாத்தாலஜிஸ்டே செய்வார். கூச்சப்படாமல் பழைய ரிப்போர்ட்டுகளைக் காட்டுங்கள், எத்தனை நாளாக இருக்கிறது என்று சொல்லுங்கள். ஸ்லைடு மட்டும் பார்ப்பவருக்கும் ஆளையே பார்த்தவருக்கும் கிடைக்கும் தகவல் ஒன்றாகாது.

கலெக்‌ஷன் சென்டர்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம்வரை கடற்கரைச் சாலையில் லேப் என்ற போர்டு போட்டிருப்பவற்றில் பல, ரத்தம் எடுக்கும் இடங்கள் மட்டுமே. பரிசோதனை நடப்பது சென்னையில். மாமல்லபுரத்திலிருந்து சென்னை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். செங்கல்பட்டு திருக்கழுக்குன்றம் வழியாக முப்பதுக்குள். ரத்தக்குழாய் பைக்கில், வெயிலில், சனி ஞாயிறு நெரிசலில் போகிறது.

இதில் தவறே கிடையாது, முறையாகச் செய்தால். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடிக் குழாய். அதில் இருக்கும் ஃப்ளூரைடு, குழாய்க்குள் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடாமல் தடுக்கும். வேறு குழாயில் எடுத்து அப்படியே வைத்தால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம்வரை அளவு இறங்கும். காலை ஏழு மணிக்கு எடுத்ததை மதியம் பரிசோதித்தால், சர்க்கரை இருப்பவருக்கும் ‘நார்மல்’ என்று வந்துவிடலாம். பொட்டாசியம் இதற்கு நேர்மாறு. குலுங்கியும் காத்திருந்தும் அணுக்கள் உடைந்தால் இல்லாத பொட்டாசியம் ஏறிக் காட்டும், அதைப் பார்த்து டாக்டர் பதறுவார். சீரம் தேவைப்படும் பரிசோதனைகளுக்கு ரத்தத்தை அங்கேயே சுழற்றிப் பிரித்துவிட்டு அனுப்ப வேண்டும். ஆகவே சென்டரில் சென்ட்ரிஃப்யூஜ் இருக்கிறதா, ஐஸ் பெட்டி இருக்கிறதா, வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று பாருங்கள். வண்டி கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்பாகப் போய் ரத்தம் கொடுப்பது நல்லது.

என்.ஏ.பி.எல். முத்திரை பற்றி ஒரு வார்த்தை. மருத்துவ லேபுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 15189 தரத்தின்படி கிடைக்கும் அங்கீகாரம் அது. லேபுக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, எந்தெந்தப் பரிசோதனைக்கு என்று பட்டியல் போட்டே கொடுக்கிறார்கள். பட்டியலில் இல்லாத பரிசோதனைக்கு ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறியோ வேறு குறியோ போட்டு, கீழே பொடி எழுத்தில் சொல்லியிருப்பார்கள். சென்னை லேபுக்குக் கிடைத்த அங்கீகாரத்தை இங்கே ரத்தம் எடுக்கும் கடையின் போர்டில் பெரிதாகப் போட்டிருந்தால் அதற்கு மயங்க வேண்டாம்.

பயாப்சி டப்பா

சின்ன நர்ஸிங் ஹோமில் கட்டியை எடுத்த கையோடு, “லேப்ல குடுத்துடுங்கண்ணே” என்று ஒரு டப்பாவை நோயாளியின் கணவர் கையிலோ தம்பி கையிலோ கொடுத்துவிடுவது இந்தப் பக்கம் சர்வசாதாரணம். அந்த நிமிடத்திலிருந்து அதன் பொறுப்பு உங்களுடையது. திறக்காமல், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சதை ஃபார்மலினில் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். சதையைப்போல் பத்து மடங்கு திரவம் இருப்பது முறை. கட்டி பெரிதாகவும் டப்பா சிறிதாகவும் இருந்து சதை பிதுங்கிக்கொண்டிருந்தால், உள்ளே ஃபார்மலின் ஏறாமல் நடுப்பகுதி அழுகும். அப்படிக் கெட்ட சதையை எந்த எம்.டி.யாலும் படிக்க முடியாது. சலைனிலோ வெறும் தண்ணீரிலோ போட்டுக் கொடுத்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் தியேட்டர் சிஸ்டரை மூடியைத் திறந்து முகரச் சொல்லுங்கள். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பைக் பெட்டியிலும் வைக்க வேண்டாம்.

டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பெயர், வயது, தேதி, எந்தப் பக்கத்து எந்த உறுப்பு என்று இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் எடுத்திருந்தால் இரண்டு டப்பா. மூடியில் மட்டும் பெயர் எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. லேபில் இரண்டு மூடி ஒன்றாகத் திறந்து கிடக்கும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடவே ஒரு கோரிக்கைப் படிவம் கொடுப்பார்கள். நோய் விவரம் என்ற கட்டத்தில் ‘கட்டி’ என்று ஒரே சொல் எழுதியிருந்தால், எத்தனை நாள், என்ன வைத்தியம் நடந்தது, ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று டாக்டரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். சதையை மெழுகில் பதித்த ‘பிளாக்’கும் கண்ணாடி ஸ்லைடும் லேபில் பல ஆண்டுகள் இருக்கும். புற்றுநோய் என்று வந்தால், வைத்தியம் தொடங்குமுன் அவற்றைக் கேட்டு வாங்கி இன்னொரு பாத்தாலஜிஸ்டிடம் காட்டுவது வழக்கமான நடைமுறைதான், முதல் டாக்டரை அவமதிப்பது ஆகாது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் கடற்கரைக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. செங்கல்பட்டுக்காரர்களுக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை பக்கம். செங்கல்பட்டிலேயே 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பெரும்பாலான பரிசோதனைக்குக் காசில்லை, கூட்டம்தான் விலை.

காப்பீடு எதற்குப் பணம் தரும்?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் போனில், “அந்த டாக்டர் நம்ம இன்ஷூரன்ஸை ஏத்துப்பாரா?” என்று கேட்பார்கள். அங்கே மருத்துவர்கள் தனியாகவோ குழுவாகவோ காப்பீட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடுகிறார்கள், பாத்தாலஜிஸ்டும் அப்படியே. இங்கே ஒப்பந்தம் மருத்துவமனையோடு. உள்ளே இருக்கும் பாத்தாலஜிஸ்டின் கட்டணம் மருத்துவமனையின் பில்லுக்குள் அடக்கம். ஆகவே இங்கே கேட்க வேண்டியது: மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா, பரிசோதனை அந்த மருத்துவமனையிலேயே நடக்கிறதா, வெளி லேபுக்குப் போகிறதா?

வெளி லேபுக்குப் போனால்தான் சிக்கல். சாதாரண மெடிக்ளைம் பாலிசி படுக்கையில் சேர்ந்தால் பணம் தரும். சேர்வதற்கு முந்தைய 30 நாளிலும், வீடு திரும்பிய பிறகு 60 நாளிலும் அதே நோய்க்காகச் செய்த பரிசோதனைச் செலவையும் தரும். இது ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியின் கணக்கு. உங்கள் பாலிசியில் நாள் கூடவோ குறையவோ இருக்கலாம், பத்திரத்தைப் பாருங்கள். இந்தப் பணம் வர மூன்று காகிதம் வேண்டும்: பரிசோதனை செய்யச் சொன்ன டாக்டரின் சீட்டு, தேதியிட்ட பில், ரிப்போர்ட். நம் ஆட்கள் பில்லையும் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைப்பார்கள், சீட்டை லேபிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். சீட்டைப் போனில் படம் எடுத்துவிட்டு அப்புறம் கவுன்டரில் கொடுங்கள். பயாப்சியில் மேற்கொண்டு ஐ.எச்.சி. என்ற பரிசோதனை சொல்வார்கள். அது டிஸ்சார்ஜுக்குப் பிறகு தனி பில்லாக, கனமான தொகையாக வரும். 60 நாளுக்குள் இருந்தால் கேட்கலாம். பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

“ஒரு நாள் அட்மிட் ஆயிடுங்க, எல்லா டெஸ்டும் இன்ஷூரன்ஸ்ல எடுத்துடலாம்” என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். பரிசோதனைக்காகவே சேர்ந்த செலவைத் தர மாட்டோம் என்பது பெரும்பாலான பாலிசிகளில் உள்ள பொது விலக்கு. பாலிசிப் பத்திரத்தில் விலக்கு எண் 04 என்று குறித்திருக்கும். சொன்னவர் பில் போட்டுவிட்டுப் போய்விடுவார், கட்டுவது நீங்கள்.

இன்னொரு விதி நமக்குச் சாதகமானது, ஆனால் கவுன்டரில் யாரும் சொல்வதில்லை. பாலிசி அனுமதித்ததைவிட விலை கூடிய அறையில் தங்கினால் மொத்த பில்லையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். அப்படிக் குறைக்கும்போது பரிசோதனைச் செலவில் கைவைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இலேயே சொல்லிவிட்டது. மருந்து, உள்ளே பொருத்தும் கருவி ஆகியவற்றுக்கும் அதே விதி. குறைத்த கணக்கை வாங்கி வரி வரியாகப் பாருங்கள்.

தீவிர நோய்ப் பாலிசி எடுத்தவர்களுக்குப் பாத்தாலஜிஸ்டின் சொல் இன்னும் கனமானது. புற்றுநோய்க்குப் பணம் தர, சதைப் பரிசோதனையில் உறுதிப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆணையம் வகுத்த பொது வரையறை. ரிப்போர்ட்டில் ‘கார்சினோமா இன் சிட்டு’ என்றிருந்தால், அதாவது பரவாமல் தோன்றிய இடத்திலேயே நிற்கிறது என்றால், அந்த வரையறைக்குள் வராது. ‘ஊடுருவியது’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் வரும். பணத்துக்காகச் சொல்லை மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேட்கவே கூடாது. தெளிவில்லாமல் எழுதியிருந்தால் தெளிவாக எழுதித் தரும்படி கேட்கலாம். அது நோயாளியின் உரிமை.

பெயரும் கவனம். ஆதாரில் ‘செல்வி முருகன்’, பாலிசியில் ‘மு. செல்வி’, லேபில் ‘செல்வி, 45’ என்று மூன்று விதமாக இருந்தால் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து விளக்கம் கேட்டு ‘கொயரி’ வரும். ரத்தம் கொடுக்கும்போதே பாலிசியில் உள்ளபடி பெயரும் வயதும் சொல்லுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை கிடைக்கும். மாமல்லபுரத்துச் சிற்பிகளிலும் கொக்கிலமேடு, தேவனேரி மீனவர்களிலும் பல குடும்பங்கள் இதற்குத் தகுதி உடையவை. அறுவைக்கு ஒப்புதல் கிடைத்தால் அதற்கான பரிசோதனைகளும் அந்தத் தொகுப்புக் கட்டணத்துக்குள் அடங்கும். தனியே பணம் கேட்டால் மருத்துவமனையில் உள்ள திட்ட உதவி மேசையில் சொல்லுங்கள், அல்லது 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். ஸ்கேன் முதலான சில பரிசோதனைகளுக்குத் திட்டத்தில் தனி வகையும் உண்டு. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் கலெக்டர் அலுவலக மையத்துக்குப் போக வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்த பிறகு அட்டை தேடுவது பெரும்பாடு.

மறைமலைநகர், மகேந்திரா சிட்டி பக்கம் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அங்கே முதலில் டிஸ்பென்சரி, அவர்கள் எழுதினால்தான் வெளியே. நேராகத் தனியார் லேபுக்கு ஓடிவிட்டு ரசீதை நீட்டினால் நேரம்தான் வீண். கல்பாக்கம் அணுசக்தித் துறை ஊழியர்களுக்கு அவர்களுடைய சொந்த மருத்துவத் திட்டமும் டவுன்ஷிப்பில் மருத்துவமனையும் இருக்கின்றன.

மாமல்லபுரத்தில் வீட்டில் வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர்களுக்கு: அவர்களின் பயணக் காப்பீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒவ்வொரு பரிசோதனையும் தனித்தனியே விலையிட்ட பில், கையெழுத்திட்ட டாக்டரின் பெயர், பதிவு எண் எல்லாம் வேண்டும். வெறும் ‘லேப் சார்ஜ்’ என்ற ஒற்றை வரி பில் ஊருக்குப் போய்ச் செல்லாது. லேபில் அப்போதே கேட்டு வாங்கித் தாருங்கள்.

பணம் மறுத்தால்

மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவமனையிடம் உங்கள் சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதியுங்கள். ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தியில்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய்வரை கேட்கலாம், கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, உங்கள் வழக்கை நீங்களே பேச வேண்டும். பாலிசி, மறுப்புக் கடிதம், டாக்டர் சீட்டு, பில், ரிப்போர்ட் என்ற வரிசையில் நகல்களை அடுக்கிக் கொண்டுபோங்கள். ரிப்போர்ட்டில் பாத்தாலஜிஸ்டின் முடிவு இருக்கும் வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டுவிடுங்கள், தேடிக்கொண்டு நிற்க வேண்டியிராது.